எண்ணினால் நான்கு

விளம்பரத்தில் 'நல்ல நிலை' என்று போட்டிருந்தது.
யாருடைய நிலை என்று போடவில்லை.

ரோஸ்டவுனுக்கு மேற்கே, ஏப்ரல்.
கனோலா இன்னும் விதைக்காத வயல்,
வேலியோரம் அழுக்குப் பனி.
தானியக் கொட்டகைக்குப் பின்னால்
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றது,
முப்பத்திரண்டு அடி.
ஐந்தாம் சக்கரம் என்று பெயர். எண்ணினால் நான்கு டயர்தான்.
ஐந்தாவது என் பிக்கப்பின் முதுகில் இருக்கிறது,
கிரீஸ் பூசிய லாடம்போல வாயைத் திறந்துகொண்டு.

ஓரெஸ்ட் ஹ்னாட்யூக் காபிக் கோப்பையோடு வந்தார்.
"தனியாகவா இழுத்துப் போவீங்க?"
"எஸ்டர்ஹேஸி சுரங்கத்தில் வெல்டர் நான்" என்றேன்.
அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

முதலில் அடிவயிறு.
ஈரமண்ணில் மல்லாந்து டார்ச்சோடு நுழைந்தேன்.
இரும்பு பொய் சொல்லாது. பெயின்ட் சொல்லும்.
கிங்பின் பெட்டியின் மூலையில் யாரோ பற்றவைத்த தழும்பு,
பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது.
அந்த ஆளுக்கு வேலை கொடுப்பேன்,
பாராட்ட மாட்டேன்.

டயரின் கன்னத்தில் நான்கு இலக்கம்: 2314.
இருபத்துமூன்றாம் வாரம், பதினான்காம் வருடம்.
"போன கோடையில்தான் புதுசு போட்டேன்."
எண்ணின்மேல் விரலை வைத்தேன்.
அவர் காபிக்குள் எதையோ தேடினார்.

இடதுபக்கச் சுவரை முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
டக், டக், டக்,
பிறகு தப்.
தப் என்ற இடத்தில் கன்னத்தில் பல்வலி வந்ததுபோல் ஒரு வீக்கம்.
கூரையில் சீலன்ட் நகம் பட்டதும்
பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

உள்ளே ஒவ்வொரு இழுப்பறையிலும் வாசனைத் தாள்,
துணி உலர்த்தும்போது போடுவார்களே, அது.
அப்படியென்றால் எலி.
கட்டிலுக்குப் பக்கத்தில், யாரும் கால் வைக்காத மூலையில்
அழகான கம்பளம் ஒன்று.
அதன்மேல் நின்றேன்.
தரை என்னைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொண்டது, கேக்கைப்போல.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூலை அலமாரியைத் திறந்து, போர்வைகளை எடுத்துவிட்டு
டார்ச்சை அடித்தேன்.
பின்பலகையில் பென்சில் கோடுகள்.
ஒரு காசளவு வட்டம்: ஜூன் 2017, ஆலங்கட்டி.
அதைச் சுற்றிச் சாஸர் அளவு: செப். 2018, இரண்டு நாள் மழை.
அதைச் சுற்றித் தட்டு: மே 2019. அவரிடம் சொன்னேன்.
கடைசியாக, நீளவாக்கில் ஒன்று: ஆகஸ்ட் 2020. மறுபடி சொன்னேன்.
கறை அந்தக் கோட்டையும் தாண்டி
வரைபடத்தில் இல்லாத நாடுவரை போயிருந்தது.

"யார் எழுத்து?"
அவர் மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்.
நான்கு வட்டத்தையும் படிக்க
நான்கு வருடம் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.
"ஸ்டெஃபானியா. இப்போ கெலோனாவில், அவள் தங்கையோடு."
"ஒழுகவில்லை என்றா சொன்னீர்கள்?"
"வியர்வை என்றேன். அலுமினியம் வியர்க்கும் என்றேன்."

அங்கேயே, தலை அலமாரிக்குள் இருக்க, போன் போட்டார்.
ஸ்பீக்கரில் மணி நீளமாக அடித்தது.
"ஸ்டெஃபி, நீ சொன்னது சரி."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பின்னணியில் ஏதோ தாளிக்கும் சத்தம்.
"எதில்?" என்றாள்.

பதினேழாயிரம் கேட்டவர்
போனைக் கையால் பொத்திக்கொண்டு பதினொன்று என்றார்.
பத்தரை என்றேன். தலையை ஆட்டினார்,
எனக்கா அவளுக்கா தெரியவில்லை.
பணத்தையும் எண்ணவில்லை.

பிக்கப்பைப் பின்னால் தள்ளினேன். கிங்பின் உள்ளே போய்
'கடக்' என்று தாடை மூடியது.
ஒரு அடி இழுத்துப் பார்த்தேன், பிடித்தது.
போனில் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது:
பம்ப்செட், அவன் தம்பிக்குக் கொடுத்த கடன், வின்னிபெக் கல்யாணம்.

வாசல் தாண்டித் திரும்பும்வரை கண்ணாடியில் அவர் தெரிந்தார்,
வண்டி நின்ற இடத்து மஞ்சள் புல்லின் நடுவே,
ஆமாம், ஆமாம் என்று.

சாஸ்கடூன் வரை எழுபதுக்கு மேல் போகக் கூடாது.
டயர் 2314.